விருந்தாளிக்கு மொண்ட தண்ணீர்

ஓய்வு பெற்றுவிட்டதாக நான்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோவையில் நான் வேலை பார்த்த தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துப் பிள்ளைகள் அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை. போன மாதம் போன் போட்டு, “மேடம், புதுசா ஒரு மெஷின் வந்திருக்கு, நீங்க வந்து பார்த்தே ஆகணும்” என்றார்கள். போனேன். கைப்பிடி அளவில் ஒரு குழாய். கிணற்றுக்குள் தொங்கவிட்டால் போதும், தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று செல்போனுக்கே சொல்லிவிடுமாம். “இனிமே கிணத்துப் பக்கமே யாரும் போக வேண்டாம் மேடம்” என்று ஒரு பெண் பெருமையாகச் சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கருவி வந்ததில் எனக்குக் கொள்ளை சந்தோஷம். மருந்து பட்டு விரல் கறுக்காமல் வேலை செய்யப் போகிறார்கள், நன்றாக இருக்கட்டும். கிணற்றுப் பக்கமே போக வேண்டாம் என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. “கிணத்துக்காரங்ககிட்டப் பேசாம தண்ணியைப் பத்தி நீ என்னத்தத் தெரிஞ்சுக்குவ?” என்று கேட்டேன். “அப்படி என்னதான் மேடம் பேசுனீங்க?” என்று எல்லாரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கு அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மேட்டுப்பாளையம். எண்பதுகளின் கடைசியில், எம்.எஸ்சி. முடித்த கையோடு, கோவையில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தேன். நொய்யல் கரைக் கிணறுகளில் சாயப்பட்டறைக் கழிவு எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது, மிச்சமிருக்கும் நல்ல தண்ணீரை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் ஆய்வு. முதல் வருடம் முழுக்கக் கண்ணாடிச் சாமான் கழுவினேன், அழுதேன், திரும்பவும் கழுவினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

என் வழிகாட்டிப் பேராசிரியர் கனகசபாபதி சாரைப் பற்றிச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது. ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டார். ஆனால் கோபம் ஏற ஏற அவரிடம் மரியாதையும் ஏறும். வேலை சரியாக இருந்தால், “சரி, போ” என்பார். தப்பாக இருந்தால் அந்த “போ” காணாமல் போய்விடும். “ஏனுங்க அம்மணி, இதைக் கொண்டுபோய்த் தொட்டியில ஊத்திப்போட்டு, மொதல்ல இருந்து ஆரம்பிக்கறீங்களா?” என்று கும்பிடாத குறையாகக் கேட்பார். அந்த “ங்க” ஒவ்வொன்றும் குட்டு மாதிரி விழும். அவர் ஒரே வாக்கியத்தில் மூன்று “ங்க” போட்டால் அன்றைக்கு எங்கள் துறையில் யாருமே டீ குடிக்கப் போக மாட்டோம்.

உப்புச் சோதனையை அவர் செய்துகாட்டிய அழகை இன்னும் மறக்கவில்லை. கூம்புக் குடுவையில் தண்ணீரை அளந்து விடுவார். மஞ்சள் மருந்து சில சொட்டு. பிறகு மேலே மாட்டியிருக்கும் நீளக் கண்ணாடிக் குழாயைத் திறந்து வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்குவார். இடது கை குழாயின் திருகில், வலது கை குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சொட்டு விழும்போதும் சிவப்பு ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு மறையும். மறையாமல் செங்கல் நிறம் நின்றுவிட்டால் முடிந்தது. தண்ணீரில் உப்பு கூடக் கூட அந்த நிறம் நிற்க அதிக மருந்து இறங்கும். “நெறம் வரப்போவுதுன்னு நெனச்சா கண்ணு நெறத்தைக் காட்டிப்போடும். அதனால நெனைக்காம பாக்கோணும்” என்பார். சோதனைக்கு வந்த தண்ணீரை வாயில் வைக்கவே கூடாது என்பது இன்னொரு சட்டம். சாயத் தண்ணீரில் என்னென்ன இருக்கும் என்று யார் கண்டது!

தண்ணீர் சேகரிப்பதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். தேங்கிக் கிடக்கும் தண்ணீர் ஆகாது. மோட்டார் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து வருவதைத்தான் பிடிக்க வேண்டும். தோட்டத்து மோட்டாருக்கு மின்சாரம் முறை வைத்துத்தான் வரும், பெரும்பாலும் விடிவதற்கு முன்னால். காந்திபுரத்தில் பஸ் ஏறித் திருப்பூர் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து நான் போய்ச் சேர்வதற்குள் மின்சாரம் போய்விடும். அதனால் கிணற்றுக்காரர்களிடமே பாட்டிலைக் கொடுத்து வைப்போம். அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, கழுத்து வரை நிரப்பி, இறுக மூடி வைத்திருப்பார்கள். நான் போய் வாங்கி வருவேன். எங்கள் துறையில் எல்லா ஆய்வும் அப்படித்தான் நடந்தது.

அப்படிப் பாட்டில் கொடுத்து வைத்திருந்த வீடுகளில் ஒன்றுதான் பழனியம்மாள் அக்கா வீடு. திருப்பூருக்குக் கிழக்கே, ஆற்றை ஒட்டிய தோட்டம். கணவர் இல்லை. ஒரே மகன் செல்வராஜ் பனியன் கம்பெனியில் டெய்லர். ஆய்வில் இருந்த கிணறுகளிலேயே ஆற்றுக்கு மிகக் கிட்டத்தில் இருந்தது அக்காவுடையதுதான். கல்லெறிந்தால் ஆற்றில் விழும்.

அக்காவின் பாட்டிலைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். துடைத்துப் பளபளவென்று, மூடி மேல் துணி கட்டி, நிழலில் வைத்திருப்பார். நான் உள்ளே நுழைந்ததும் சொம்பில் தண்ணீர் வந்துவிடும். “மொதல்ல தண்ணியக் குடி கண்ணு. என்ன வெய்யல், என்ன வெய்யல்! ஆராச்சி எங்கியும் ஓடிப்போவாது” என்பார். தென்னை மட்டையெல்லாம் நுனி கருகியிருக்கிறதே என்று கேட்டால், “வண்டு உழுந்துருச்சு” என்று பேச்சை மாற்றிவிடுவார்.

ஆய்வு முடிவுகள் வர வர எனக்குத் தலை சுற்றியது. மற்ற கிணறுகள் எதிர்பார்த்தபடியே இருந்தன. ஆற்றை நெருங்க நெருங்க உப்பு ஏறிக்கொண்டே போனது. பழனியம்மாள் அக்கா கிணற்றில் மட்டும் நாலு சொட்டு மருந்து விடுவதற்குள் நிறம் நின்றுவிட்டது. ஆற்றோரக் கிணறு, அத்தனை சுத்தமான தண்ணீர்!

சார் பார்த்தார். “ஏனுங்க அம்மணி, மருந்து புதுசுங்களா?” திரும்பக் கலக்கினேன். “குடுவையைச் சரியாக் கழுவுனீங்களாங்க?” திரும்பக் கழுவினேன். அடுத்த முறை தண்ணீர் கொண்டுவந்தபோதும் அதே முடிவு. அதற்கடுத்த முறையும் அதே. சாரின் மரியாதை உச்சத்துக்குப் போய், ஒருநாள் என்னைத் தள்ளிவிட்டுத் தானே உட்கார்ந்து சோதித்தார். அவருக்கும் நாலே சொட்டு. அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு உள்ளூர ஒரு குரூர சந்தோஷம், அதை மறைப்பானேன்!

ஆனால் மறுநாள் சார் முகமெல்லாம் பூரிப்பாக வந்தார். ஆற்றுக்கும் அந்தக் கிணற்றுக்கும் நடுவே பூமிக்கடியில் ஒரு பாறைச் சுவர் இருக்க வேண்டும், அதுதான் சாயத் தண்ணீரை மறிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாராம். அப்படிப் பாறை இருக்கும் இடங்களாகத் தேடினால் எத்தனையோ ஊருக்குக் குடிநீர் கிடைக்குமே! பலகையில் பாறையைப் படம் போட்டுக் காட்டினார். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். கல்லூரிக் கருத்தரங்கிலும் அதைப் பற்றிப் பேசினார். சாயப்பட்டறைகளின் சார்பில் வந்த ஒருவரும் அங்கே பின்வரிசையில் உட்கார்ந்து, பொறுமையாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

வினை அங்கேதான் தொடங்கியது. பழனியம்மாள் அக்கா ஊர்க்காரர்கள் மனு ஒன்று கொடுத்திருந்தார்கள். சாயத் தண்ணீரை ஆற்றில் விடுவதைத் தடுக்க வேண்டும், ஊருக்குக் குடிநீர்க் குழாய் போட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். விசாரிக்க அதிகாரி நேரில் வருவதாக இருந்தது. எங்கள் ஆய்வைத்தான் அவர்கள் மலை போல் நம்பியிருந்தார்கள். பட்டறைக்காரர்களுக்கோ இப்போது கேட்பதற்கு நல்ல கேள்வி கிடைத்துவிட்டது: ஆற்றை ஒட்டிய கிணறே நன்றாக இருக்கும்போது, தள்ளியிருக்கும் கிணறுகள் எங்களால் எப்படிக் கெடும்? அந்த ஒரு கேள்வி போதும், மனு குப்பைக் கூடைக்குப் போய்விடும்.

விசாரணைக்கு முன்னால் இன்னும் ஒரு முறை தண்ணீர் எடுத்து வரும்படி சார் அனுப்பினார். அக்காவிடம் சொல்லியிருந்த நேரத்துக்கு வெகு முன்னாலேயே போய் நின்றேன். வாசலில் பழனியம்மாள் அக்கா என் பாட்டிலைத்தான் அலசிக்கொண்டிருந்தார். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை, நான் சொல்லிக்கொடுத்தபடியே. அலசிய தண்ணீர் பித்தளைக் குடத்திலிருந்து வந்தது.

“அக்கா, இது எங்கத்த தண்ணிங்க?”

“நல்ல தண்ணிதான் கண்ணு. பையன் வெடியால மொபெட்டுல போயி அக்கட்டால, அடுத்த ஊருக் கொழாயில புடிச்சாந்தது. பயப்படாத, துணி கட்டி வடிச்சுத்தான் ஊத்தறேன்.”

“எப்பவும் இதைத்தான் ஊத்துனீங்களா? எனக்குக் கெணத்துத் தண்ணிதானுங்கக்கா வேணும்!”

“அட, அதை எப்பிடிக் கண்ணு குடுக்கறது? வாயில வெக்க முடியாது, அப்பிடிக் கரிக்கும். நீ கொண்டுபோயி உங்க சாருகிட்டக் குடுப்ப. அவரு ஒரு வாய் குடிச்சுப் பாத்துப்போட்டு, எந்த ஊட்டுல இப்பிடிக் குடுத்து உட்டாங்கன்னு கேக்க மாட்டாரா? நம்மள நம்பி ஒரு புள்ள அவ்வளவு தொலவுல இருந்து வந்து தண்ணி கேக்குது. உப்புத் தண்ணியக் குடுத்து அனுப்பறதுக்கு எனக்கு மனசு வருமா?”

துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சாரின் பாறைச் சுவர் முழுக்க அந்தப் பித்தளைக் குடத்துக்குள் இருந்தது!

எங்கள் கூடத்தில் யாரும் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பதில்லை, மருந்து விட்டுத்தான் பார்ப்போம் என்று விளக்கினேன். இந்தப் பாட்டிலால்தான் ஊர் மனு தோற்கப் போகிறது என்பதையும் சொன்னேன். அக்கா முகம் சுண்டிவிட்டது. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“செல்வராசுக்கு கொடுமுடிப் பக்கம் பேசியிருக்கறோம் கண்ணு. உறுதி பண்ண வர்றாங்க. காவேரித் தண்ணி குடிச்சு வளந்த புள்ள. இங்க உப்புக் கெணறுன்னு தெரிஞ்சா பொண்ணு குடுப்பாங்களா? இதுக்கு மின்ன ரெண்டு எடம் இதுனாலதான் தட்டிப் போச்சு. ஊருல அத்தன கெணறு இருக்குது. இந்த ஒண்ண மட்டும் உட்டுரு சாமி. உனக்குப் புண்ணியமாப் போவும்.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சவும் தோன்றியது. காலிப் பாட்டிலோடு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுகை.

சாரிடம் சொன்னேன். பலகையில் அவர் போட்ட பாறைப் படம் அழிக்காமல் இருந்தது. அதைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். “ஒரு கொடம்! ஒரு கொடத்தை வெச்சுக் கருத்தரங்கே நடத்திப்போட்டேனே!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் கோபப்படுவார் என்று நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“சார், நான் ரகசியமாப் போயி மோட்டார்க் குழாயில புடிச்சுட்டு வந்துடட்டுமா?” என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. “ஏனுங்க அம்மணி, கெணறு யாருதுங்க? அவங்க குடுக்காத தண்ணிய நீங்க எடுக்கலாமுங்களா?” மூன்று “ங்க”. அதற்கு மேல் பேச முடியுமா? கருத்தரங்கில் தான் சொன்னது தவறு என்பதை மட்டும் அதிகாரியிடம் சொல்வதாகவும், கிணற்றைப் பற்றி அந்த அம்மா சொன்னால்தான் உண்டு என்றும் முடித்துவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் மனு தோற்றால் அந்த ஊர் இன்னும் எத்தனை காலம் மொபெட்டில் குடம் கட்டிக்கொண்டு அலைய வேண்டும் என்று நினைத்து எனக்குச் சோறே இறங்கவில்லை.

விசாரணை ஊர்ப் பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. அதிகாரி வசதிப்படி நாளை மாற்றியதில், கொடுமுடிக்காரர்கள் உறுதி பண்ண வந்த அதே நாளில் அதுவும் அமைந்துவிட்டது. ஊரே அங்கே திரண்டிருந்ததால், பழனியம்மாள் அக்கா வீட்டில் கை நனைத்துவிட்டு, பெண்ணின் அப்பாவும் அவரோடு வந்த ஆண்களும் வேடிக்கை பார்க்க வந்து தூணோரம் நின்றார்கள். அக்கா பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

கருத்தரங்கில் குறிப்பெடுத்த பட்டறைக்காரர் எழுந்து, எதிர்பார்த்த கேள்வியை எதிர்பார்த்தபடியே கேட்டார். சார் எழுந்தார். “அந்தப் பாறையைப் பத்தி நான் பேசுனது தப்புங்க. அந்தக் கெணத்துத் தண்ணியே எங்க கைக்கு வந்து சேரலீங்க” என்றார். “அப்படின்னா சோதிச்சது எந்தத் தண்ணி?” என்று அதிகாரி கேட்டார். சார் உட்கார்ந்துவிட்டார். பட்டறைக்காரர் சிரித்தார். “எந்தத் தண்ணின்னே தெரியாத ஆராய்ச்சி” என்றதும் கூட்டத்தில் சலசலப்பு. அதிகாரி பேனாவை மூடினார். முடிந்தது என்று நினைத்தேன்.

“ஏனுங்க!” என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. பழனியம்மாள் அக்கா எழுந்து நின்றிருந்தார். “அது என்ற கெணறுங்க. அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்க. கெட்ட தண்ணியக் குடுத்து உட வெக்கப்பட்டுட்டு, நான்தான் கொழாத் தண்ணிய ஊத்திக் குடுத்தேன். எங்க கெணறு உப்பாகி வெகு காலமாச்சுங்க. தென்ன மரம் கருகுனது வண்டுனால இல்லீங்க. வேணும்னா இப்பவே ஆள உட்டு மொண்டாரச் சொல்லுங்க.” தூணோரம் நின்ற சம்பந்தியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அதிகாரியின் ஆளே போய்க் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். டீ கொடுத்த கண்ணாடி டம்ளர்கள் இரண்டைக் கழுவி வைத்தேன். ஒன்றில் அக்கா வீட்டுக் குடத்திலிருந்து வந்த குழாய்த் தண்ணீர், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். சார் பையிலிருந்து வெள்ளி நைட்ரேட்டை எடுத்துக் கொடுத்து, “நீ விடு” என்றார். குழாய்த் தண்ணீரில் விட்டேன். லேசாகப் புகை படர்ந்தது. கிணற்றுத் தண்ணீரில் விட்டேன். பால் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கட்டி இறங்கியது. பார்த்த எல்லாருக்கும் புரிந்தது. பட்டறைக்காரரும் டம்ளரை எடுத்துப் பார்த்தார், பிறகு வைத்துவிட்டார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

அக்கா அப்போதுதான் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். “தப்பா நெனச்சுக்காதீங்க. உங்ககிட்டயும் மறைச்சுப்போட்டேன்” என்றார்.

கொடுமுடிக்காரர் துண்டை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார். “மொதத் தடவ வந்தன்னைக்கே தெரியுமுங்க. சாப்புட்டுக் கை கழுவறப்ப சோப்பு நொரைக்கவே இல்லீங்களே!”

அக்கா திகைத்துப் போனார். “பொறவு ஏனுங்க ஒரு வார்த்த கேக்கல?”

“கேட்டா நீங்க சங்கடப்படுவீங்கன்னுதானுங்க.”

கூட்டம் முழுக்கச் சிரித்தது. அக்கா சிரித்துக்கொண்டே அழுதார். என் ஆய்வுக்கு எதிரி சாயத் தண்ணீர் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்! இந்த மனிதர்களின் மரியாதை அதைவிடப் பெரிய எதிரியாக இருந்திருக்கிறது. அத்தனை பேர் மீதும் எனக்கு அப்படி ஒரு பிரியம் பொங்கியது.

பஸ்ஸில் திரும்பிக் காந்திபுரத்தில் இறங்கும்போது சார், “சரி, போ” என்றார். முனைவர் பட்டம் வாங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி வரவில்லை. அந்த ஊருக்குக் குழாய் வந்தது, கொஞ்சம் தாமதமாக. சாயத் தண்ணீர் நின்றதா என்றால், அது வருடக்கணக்கில் இழுத்த வழக்கு. அந்த இழுபறியில்தான் என் உத்தியோக காலமே ஓடியது. கொடுமை என்றுதான் சொல்வேன், ஆனாலும் சலிக்கவில்லை. அதற்குப் பிறகு கடைசி வரை, எந்தக் கிணற்றுக்குப் போனாலும் முதலில் திண்ணையில் உட்கார்ந்து அந்த வீட்டாரிடம் பேசிவிட்டுத்தான் பாட்டிலைத் திறப்பேன்.

செல்வராஜ் கல்யாணத்துக்குச் சாரும் நானும் போயிருந்தோம். அப்போது குழாய் இன்னும் வரவில்லை. விருந்துக்குத் தண்ணீருக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போது, சீர்த் தட்டுகள் வந்த வண்டிக்குப் பின்னாலேயே ஒரு லாரி வந்து நின்றது. கொடுமுடிக்காரர் பெண்ணோடு சேர்த்து ஒரு டேங்க் காவேரித் தண்ணீரையும் சீராகக் கொண்டுவந்திருந்தார். ஊர்ச் சனம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

பழனியம்மாள் அக்கா பட்டுச் சேலை சரசரக்க என்னிடம் வந்து, காதோடு காதாக, “கண்ணு, பாட்டலு கொண்டாந்திருக்கறயா?” என்று கேட்டார்.

“பைல இருக்குதுங்கக்கா. எதுக்குங்க?”

“சம்பந்தி ஊட்டுத் தண்ணியையும் ஒருக்காப் பாத்துப்போடு. நல்லா இருந்தா இப்பவே சொல்லு.” திரும்பிப் பந்தலைப் பார்த்தார். கொடுமுடிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே லாரியின் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். “இல்லீன்னா, எல்லாரும் சாப்புட்டு முடிச்ச பொறவு சொல்லு. பாவம், அவரு சங்கடப்படுவாரு.”